நாற்பத்தொண்ணாவது குடோன்

கண்ணு,

போன வாரம் நீ போன்ல, "அம்மா, வெளிநாட்டுல மூணு வருஷத்துக்குப் போட்டிருக்காங்க, அடுத்த மாசக் கடைசியில கெளம்பணும்"னு சொன்னே. அப்புறம், "நீங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவீங்கல்லங்மா?"ன்னு கேட்டே. நானும் வாய் கூசாம, "அதெல்லாம் சமாளிச்சுக்குவோம் சாமி, நீ நிம்மதியாப் போய்ட்டு வா"ன்னு சொல்லிப் போட்டேன். அது பொய். போனை வெச்சதும் எனக்கே என் மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. பள்ளிக்கூட ஆபீஸ்ல அத்தனை வருஷம் டைப்பிஸ்டா இருந்தவ நான். தப்பா அடிச்ச ஒரு லெட்டரைத் திருத்தாம வெளிய அனுப்புனதில்ல. இதையும் திருத்தித்தான் அனுப்பணும். போன்ல திருத்தப் பாத்தா நீ நடுவுல "சரிங்மா, சரிங்மா"ம்பே, நானும் பாதியிலயே விட்டுருவேன். கடுதாசின்னா நீ குறுக்க பேச முடியாது. அதனால உக்காந்து பொறுமையாப் படி. நொம்ப நீளமாத்தான் வரும்.

உங்கப்பா இப்ப எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீ வாங்கிக் குடுத்த லேப்டாப்புல அந்த மூட்டை தள்ற ஆட்டம் ஓடிட்டிருக்கு. அவரு ஆடறாரு, நான் எழுதறேன். ரெண்டு வரிக்கு ஒரு தடவ நிமிந்து ஸ்கிரீனைப் பாக்கறேன். ஏன் பாக்கறேன்னு பின்னால சொல்றேன். அந்த ஆட்டத்தைப் பத்திச் சொல்லாம என் கதையைச் சொல்ல முடியாது, அப்படி ஆகிப் போச்சு என் பொழப்பு.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏழாவது படிச்சப்ப நாம ஏற்காட்டுல தலைச்சோலைப் பக்கம் காபி எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அப்பா அங்க மூட்டைக் கணக்கு எழுதற குடோன் ரைட்டரு. ஆபீஸுக்குப் புதுசா கம்ப்யூட்டர் வாங்கிட்டு, பழசை எங்கயாவது தூக்கிப் போடுன்னு முதலாளி சொன்னாருன்னு, ஜீப்புல போர்வை சுத்தி ஊட்டுக்குக் கொண்டாந்தாரு. கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. அதுல உருப்படியா இருந்தது ஒரே ஒரு ஆட்டம். ஒரு குட்டி ஆளு, சுத்தியும் செவுரு, உள்ள அஞ்சாறு பெட்டி. பெட்டியெல்லாம் புள்ளி வெச்ச எடத்துல கொண்டு போயிச் சேத்தணும். பின்னாடி நின்னு தள்ளத்தான் முடியும், முன்னாடி நின்னு இழுக்க முடியாது. ஏதாவது ஒண்ணு மூலையில போயி ஒட்டிக்கிச்சுன்னா தீந்துச்சு கதை. எஸ்கேப் கீயை அழுத்தி மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்கப்பாவுக்கு அதைப் பாத்த அன்னிக்கே பித்துப் புடிச்சுப் போச்சு. "அம்மிணி, இது நம்ம குடோனாட்டவே இருக்குது பாரு"ன்னாரு. பெட்டியை அவரு இன்னிக்கு வரைக்கும் பெட்டின்னு சொன்னதில்ல, மூட்டைதான். ஆட்டத்துல ஒவ்வொரு கட்டமும் அவருக்கு ஒரு குடோன். "நேத்து பதினேழாவது குடோனை முடிச்சுட்டேன்"னு பங்குச் சாமியார்கிட்டக்கூடச் சொல்லியிருக்காரு.

நீ அவரு மடிக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவே. "தள்ளட்டுங்களாப்பா, தள்ளட்டுங்களா"ன்னு துடிப்பே. அவரு, "பொறுடா, தள்றது சுலபம். தள்ளிட்டு எங்க நிக்கப் போறேன்னு பாத்தியா?"ம்பாரு. ஆள் வருகை எழுதற செக்ரோல்ல மிச்சமான தாளுக்குப் பின்னாடி மேல, கீழ, இடது, வலதுன்னு அம்புக்குறியாப் போட்டு ஒவ்வொரு குடோனுக்கும் வழி எழுதி வெச்சாரு. அந்தக் கட்டு இன்னும் பீரோவுல இருக்கு. நாப்பது தாள்லயும் வழி முழுசா இருக்கு. நாப்பத்தொண்ணாவது தாள் மட்டும் அடிச்சு அடிச்சுக் கிழிஞ்சே போச்சு.

இங்க ஒண்ணை ஒத்துக்கணும். அந்த வருஷம் மார்கழியில உனக்கு முதுகுல ரெண்டு விழுந்துச்சே, லீவு முழுக்கக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதுன்னு அப்பா சொன்னாரே, அந்தக் குத்தம் உன்னுது இல்ல. என்னுது. ஆட்டமும் அவரு ஆடி வெச்ச கணக்கும் அப்ப பிளாப்பியில இருந்துச்சு. நம்மூரு ஈரத்துக்கு எல்லாமே பூஞ்சை புடிக்கும். பட்டுச்சேலைக்கும் சர்ட்டிபிகேட்டுக்கும் பீரோவுக்குள்ள ஜீரோ வாட் பல்பு எரிய விடற ஊரு இது. பிளாப்பி மேல வெள்ளையாப் படிஞ்சிருந்ததைப் பாத்தேன். களத்துல காபி காயுது, நல்ல வெயிலு. இதுவும் காயட்டும்னு காபிக் கொட்டைக்குப் பக்கத்துலயே ஒரு சாக்கை விரிச்சு பிளாப்பியை வரிசையா அடுக்கிப் போட்டேன். சாயங்காலம் காபியைக் கூட்டி அள்றப்பப் பாத்தா, ஒவ்வொண்ணும் அப்பளமாட்ட வளைஞ்சு கெடக்குது. அப்பா வந்து, "யார் வேலை இது?"ன்னு கத்துனாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, "பையன்தான் வெளையாட எடுத்துட்டுப் போனானாட்ட இருக்கு"ன்னேன். எப்படி அந்த வார்த்தை வாயில வந்துச்சோ தெரியல. நீ "நான் இல்லீங்கப்பா"ன்னு அழுத. நான் வெளிய வரல. ராத்திரிக்குப் பணியாரம் சுட்டுக் குடுத்தேன், எதுக்குன்னு உனக்குப் புரியல. ஆபீஸ் டிராயர்ல மீந்து கெடந்த ஒரு பிளாப்பியில இருந்து அவரு மறுபடியும் ஆட்டத்தை ஏத்தி, ஒண்ணாவது குடோன்ல இருந்து ஆரம்பிச்சாரு. உன்கிட்ட மன்னிப்புக் கேக்க இத்தனை வருஷம் ஆச்சு. மன்னிச்சுக்க சாமி. மாட்டிக்குவோம்னு பயந்தா நான் பொய் சொல்ற ஆளுன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. போன வாரமும் அதைத்தான் பண்ணுனேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது கை பாதிதான் திரும்பி வந்துச்சு. பேச்சும் நின்னு நின்னுதான் வரும். உன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெச்சு, பதினோராவது மாடியில அவரு லிப்ட் கதவைத் தட்டித் தட்டி அழுது, ஒரே மாசத்துல நாங்க ஏற்காட்டுக்கே திரும்பி வந்ததும் தெரியும். உனக்குத் தெரியாதது அதுக்கப்புறம் நடந்தது. ஞாபகம் ஓட்டை விழ ஆரம்பிச்சுச்சு. நான் அடுப்படிக்குப் போனாக்கூட, "அம்மிணி, எங்க போன?"ன்னு கூப்புடுவாரு. பதில் வர்ற வரைக்கும் கூப்புட்டுட்டே இருப்பாரு. குளிக்கப் போனா கதவைத் தட்டுவாரு. பக்கத்து ஊட்டம்மாவைக் கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாத்தேன். யாரு இது, எதுக்கு என் ஊட்டுல இருக்காங்கன்னு சத்தம் போட்டாரு. ரெண்டு நாளைக்கப்புறம் அந்தம்மா, "எனக்கு முட்டி வலிங்க"ன்னுட்டாங்க. ஞாயித்துக்கெழமைப் பூசைக்குப் போறதும் நின்னு போச்சு. கோயில் மணிச் சத்தம் கேக்கறப்ப ஊட்டுல இருந்தே சிலுவை போட்டுக்குவேன்.

அவரு என்னைக் கூப்புடாம இருந்தது அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னாடி மட்டும்தான். ஆட்டத்தைப் போட்டு விட்டா முக்கா மணி நேரம் அப்படியே உக்காந்திருப்பாரு. மத்ததெல்லாம் மறந்தாலும் விரலுக்கு அது மறக்கல. போன மழைக்காலத்துல ஒரு நாள் அந்த மெஷின் "டப்"புன்னு ஒரு சத்தம், கருகுன வாசனை, அவ்வளவுதான். சேலத்துல ஒரு கடைக்குக் குடுத்தனுப்புனேன். அதைப் பிரிச்சு, உள்ள இருந்ததை மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க. நீ வாங்கிக் குடுத்த லேப்டாப்புல அதைச் சொருகி, ஆட்டத்து மேல ரெண்டு தட்டுத் தட்டுனேன். இந்தப் புரோகிராம் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாது, உருவாக்குனவங்களைக் கேளுங்கன்னு வந்துச்சு. உருவாக்குனவன் எந்த ஊருல இருக்கான், உசுரோட இருக்கானா, யாருக்குடா தெரியும்?

உனக்குப் போன் பண்ணுனேன். "இருபது நிமிஷ வேலைங்மா, அடுத்த தடவ வர்றப்பப் போட்டுத் தரேன்"ன. சரிதான், உன் வேலையே பெரிய பெரிய கம்பெனிங்களோட பழைய புரோகிராமைப் புது மெஷின்ல ஓட வெக்கறது. வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்ற கதைதானாட்ட இருக்கு நம்மூடும். நான் திரும்பக் கேட்டதுக்கு, போன்லயே அதே ஆட்டம் புதுசா இருக்கு, இறக்கிக் குடுங்கன்ன. இறக்கிக் குடுத்தேன். அதுல அந்த ஆளுக்குத் தொப்பி, பின்னாடி ஒரு பாட்டு, அதோட தப்பாத் தள்ளுனா ஒரு பட்டனைத் தொட்டாப் போதும், தள்ளுனது திரும்பி வந்துரும். உங்கப்பா அந்தப் பட்டனைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "கள்ள ஆட்டம்"னு சொல்லி போனைக் கட்டில்ல வீசிட்டாரு. மூணு வாரம் ஊட்டுல என் பேரைத் தவிர வேற சத்தம் கேக்கல.

அப்புறம் நானே உக்காந்தேன். உன் இருபது நிமிஷ வேலை எனக்கு மூணு வாரம் ஆச்சு, கண்ணு. அவரு மதியம் கண்ணசர்ற நேரத்துல வீடியோ பாத்து நோட்டுல எழுதிக்குவேன். பழைய பதிப்பு மாதிரி ஓட்டுன்னு ஒரு டிக் போடச் சொன்னாங்க, போட்டேன், அசையல. இந்தக் காலத்து மெஷினுக்கு அந்தக் காலத்துப் பாஷையே தெரியாதாம், எத்தனை டிக் போட்டாலும் ஓடாதாம். அதுக்குன்னு ஒரு புரோகிராம் இருக்கு. அது லேப்டாப்புக்குள்ள பழைய கம்ப்யூட்டராட்ட வேஷம் கட்டி உக்காந்துக்கும். ஆட்டம் அதை நெசம்னு நம்பி ஓடும். அதை ஏத்திட்டேன். மவுன்ட்னு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு சி, இன்னொரு இடைவெளி விட்டு ஆட்டம் இருக்கற எடத்தோட பேரு. பத்து நாள் நான் அந்த ரெண்டாவது இடைவெளியை அடிக்க மறந்து தொலைச்சிருக்கேன். டைப்பிஸ்டாம் டைப்பிஸ்டு! கடைசியில ஒரு மத்தியானம் அந்தக் கறுப்பு ஸ்கிரீன் வந்து, செவுரு வந்து, அந்தக் குட்டி ஆளும் வந்து நின்னான். நான் சத்தமா அழுதுட்டேன். "ஏனுங்க, இங்க வாங்க, உங்க குடோன் வந்துருச்சுங்க"ன்னு கூப்புட்டேன்.

அவரு வந்து உக்காந்து வலது பக்கத்துக் கீயைத் தொட்டாரு. அந்த ஆளு பறந்து போயி அந்தப் பக்கத்துச் செவுத்துல மூட்டையோட ஒட்டிக்கிட்டான். புது மெஷினோட வேகம் அது. மறுபடி தொட்டாரு, மறுபடியும் அதே. அவரு கைதான் தப்புப் பண்ணுதுன்னு நெனச்சு, கையைத் தூக்கிப் பாத்து, இடது கையால வலது கையை ஒரு அடி அடிச்சாரு. அதுக்கும் வழி இருந்துச்சு. வேகத்துக்கு ஒரு நம்பர் இருக்கு. கன்ட்ரோலையும் எஃப் பதினொண்ணையும் சேத்து அழுத்துனாக் கொறையும். மூவாயிரத்துல இருந்து கொறைச்சுக்கிட்டே வந்தேன். ஆயிரத்துல அவரால முடியல. ஐநூறுலயும் முடியல. அவரு விரல் தொட்டு எடுக்கறதுக்குள்ள அந்த ஆளு ஒரே ஒரு அடி மட்டும் வெக்கணும். இருநூத்தி நாப்பதுல அது நடந்துச்சு. அப்படியே அதைச் செட்டிங்ல எழுதி வெச்சுட்டேன். உங்கப்பா அன்னிக்கு மூணு குடோனை முடிச்சாரு.

ஊருக்குள்ள என்னைப் பெருமையாப் பேசுனாங்க. புருசனுக்காக இந்த வயசுல கம்ப்யூட்டரெல்லாம் கத்துக்கிட்டாளேன்னு. நீயும், "சூப்பருங்மா"ன்னு சொன்னே. உன்கிட்ட மட்டும் சொல்றேன், நான் அதை அவருக்காகப் பண்ணல. எனக்காகப் பண்ணுனேன். அந்த முக்கா மணி நேரத்துக்காகப் பண்ணுனேன். தெனமும் நாலு மணிக்கு ஆட்டத்தைப் போட்டு விட்டுட்டு, சாயங்கால செபத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வெளிய வருவேன். கோயிலுக்குப் போகல. பஸ் ஸ்டாண்டுக்குப் போயி சிமெண்ட் பெஞ்சுல உக்காந்துக்குவேன். சேலம் பஸ் வரும், ஆளுங்க எறங்குவாங்க, ஏறுவாங்க, போகும். அதைப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துருவேன். அவ்வளவேதான். அதுக்கே எனக்கு ஒரு நாள் முழுக்க உசுரு தாங்கும்.

ஒரு செவ்வாய்க்கெழம, மூணு மாசத்துக்கு முன்னால, காலையில இருந்தே பனிமூட்டம். அவரு அன்னிக்கு என்னை எத்தனை தடவ கூப்புட்டிருப்பாருன்னு எண்ண முடியாது. நாலு மணிக்கு ஆட்டத்தைப் போட்டேன். அவரு இப்ப ஆடறதெல்லாம் மூணாவது, நாலாவது குடோன்தான். அதுலயே சந்தோசமா இருப்பாரு. ஆனா அப்பப்ப, "நாப்பத்தொண்ணு போடு"ம்பாரு. அதெல்லாம் வேண்டாங்கன்னு தட்டிக் கழிச்சுருவேன். அன்னிக்குக் கேட்டப்பப் போட்டுக் குடுத்துட்டேன். ஆசைப்பட்டாரேன்னு இல்ல. கஷ்டமான குடோனாப் போட்டா இன்னும் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்திருப்பாருன்னு கணக்குப் போட்டுத்தான் போட்டேன். கதவைச் சாத்திட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சேலம் பஸ் நின்னுட்டிருந்துச்சு. ஏறிட்டேன்.

ஏன் ஏறுனேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கால் ஏறிருச்சு. கண்டக்டர் தம்பிக்கு என்னைத் தெரியும். "ஏனுங்க டைப்பிஸ்ட்டம்மா, ஆஸ்பத்திரிக்குங்களா? ரைட்டரய்யா நல்லா இருக்காருங்களா?"ன்னு கேட்டான். "நல்லா இருக்காருங்க தம்பி, சேலத்துல ஒரு சோலி"ன்னு சொல்லி டிக்கெட் வாங்கிட்டேன். ஜன்னலோரம் உக்காந்து கொண்டை ஊசி வளைவை ஒவ்வொண்ணா எண்ணிட்டு வந்தேன். பத்தாவது வளைவு வரைக்கும் எறங்கிறலாமான்னு பாத்துட்டே வந்தேன். அதுக்குக் கீழ பனி இல்ல, வெயிலு. என்னமோ சொல்ல முடியாத லேசா ஆயிருச்சு ஒடம்பு. அடிவாரம் வந்ததும் எறங்கி ஒரு டீக்கடையில நின்னு டீ குடிச்சேன். சூடான டீயைச் சூடாவே குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு? அந்தக் கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு, இனிமே மேல போகாட்டி என்னன்னு நெனச்சேன். ஆண்டவர் மேல சத்தியமா நெனச்சேன். ஒரு கிளாஸ் டீ நேரம் முழுசா அதையேதான் நெனச்சேன்.

அப்புறம் அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேனோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. வெக்கல, ஆனாலும் அதுவே என்னைத் திருப்பிருச்சு. மேல போற பஸ்ல ஏறுனேன். ஏழாவது வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னு போச்சு. மேலயும் போக முடியல, கீழயும் போக முடியல, மழை வேற. ஒண்ணரை மணி நேரம் அந்தப் பஸ்ஸுக்குள்ள நான் உக்காந்திருந்ததை எழுத எனக்குக் கை வராது. ஊடு வந்து சேர்றப்ப மணி ஏழேகால்.

விளக்குக்கூடப் போடல. ஸ்கிரீன் வெளிச்சத்துல அவரு மூஞ்சி மட்டும் தெரிஞ்சுச்சு. கீழ ஈரம். உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருந்தாரு. விரல் மட்டும் இடது பக்கத்துக் கீயை அழுத்திட்டே இருந்துச்சு, டிக், டிக்னு. கிட்டப் போயிப் பாத்தேன். மொதல் மூட்டையே மூலையில போயி ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நாப்பத்தொண்ணாவது குடோன்ல ரெண்டாவது தள்ளுலயே அது நடக்கும், எனக்கே தெரியும். நான் தெரு முனையைத் தாண்டறதுக்குள்ள நடந்திருக்கும். எஸ்கேப் கீயை அழுத்துனா மொதல்ல இருந்து வரும்ங்கறது அவருக்கு மறந்து போச்சு. மூணு மணி நேரம் நகராத மூட்டையைத் தள்ளிட்டு உக்காந்திருந்திருக்காரு. என்னைப் பாத்து, கத்தல, கோவிச்சுக்கல. "அம்மிணி, வழியில்ல"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

நான் எஸ்கேப்பை அழுத்துனேன். மூட்டையெல்லாம் பழைய எடத்துக்கு வந்துச்சு. "ம்ம்"னு சிரிச்சாரு. அப்புறம் என் சேலையைத் தொட்டுப் பாத்து, "மழையா?"ன்னு கேட்டாரு. ஆமாங்க, மழைன்னேன். தண்ணி காய வெச்சு ஊத்தி, வேட்டி மாத்தி, சோறு ஊட்டி விட்டேன். இதை இன்னிக்கு வரைக்கும் சாமியார்கிட்டக்கூட நான் சொல்லல. மொதல்ல உனக்குத்தான் எழுதறேன்.

அன்னியில இருந்து என்ன ஆச்சுன்னு பாரு. அவரை விட்டுட்டுக் கொஞ்சம் வெளிய போகலாம்னுதான் மூணு வாரம் மண்டையை ஒடைச்சு அந்த ஆட்டத்தை ஓட வெச்சேன். இப்ப அந்த ஆட்டத்துக்கே பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கணும், எஸ்கேப்பை அழுத்த. கீ மேல சிகப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தேன், பெருசா எழுதி செவுத்துல மாட்டிப் பாத்தேன். அவரு எழுத்தைப் படிக்கறாரு, "நல்ல எழுத்து"ங்கறாரு, அழுத்த மாட்டேங்கறாரு. ஆக, நானே இழுத்துட்டு வந்து நானே உள்ள உக்காந்து தாப்பாளைப் போட்டுக்கிட்டேன். மூணு மாசமா பஸ் ஸ்டாண்டைக்கூடப் பாக்கல. சில நாள் அவரு "அம்மிணி"ன்னு கூப்புட்டா நான் பல்லைக் கடிச்சுக்கறேன். போன புதன்கெழம அவரு கையைப் புடிச்சுக் கீபோர்டுல இருந்து வெடுக்குன்னு தள்ளி விட்டுட்டேன். முடியாத கை அது. அவரு அந்தக் கையையே பாத்துட்டிருந்தாரு. அடுத்த நாள்தான் நீ போன் பண்ணுனே.

உனக்கு அம்மாவா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. புது ஊருக்குப் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறே. அவ, "பரவால்லைங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னா அதோட விட்டுராத. இன்னொரு தடவ கேளு. "சமாளிச்சுக்குவீங்கல்ல"ன்னு கேக்காத, அது கேள்வியே இல்ல. அதுக்கு ஒரே பதில்தான் இருக்கு. நேத்து எத்தனை மணிக்குத் தூங்குனே, கடைசியா எப்ப வெளிய போனேன்னு கேளு. உங்கப்பா நல்ல மனுசன். அத்தனை வருஷத்துல அவரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. எங்களைப் பாத்துத்தான் நீயும் வளந்திருக்கே, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல.

நீ வெளிநாடு போக வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவளா இருந்தா பன்னண்டாவது முடிச்சப்பவே சேலத்தைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். எனக்கு வேண்டியது இருபது நாள். கெளம்பறதுக்கு முன்னால உனக்கு லீவு இருக்குன்னு நீயே சொன்னே. அந்த இருபது நாளும் நீ இங்க இருக்கணும், இந்த நாற்காலியில. நான் திருச்சிக்கு உங்க சின்னம்மா ஊட்டுக்குப் போறேன். அங்க என்ன பண்ணப் போறேன்னு கேக்காத, தூங்கப் போறேன். திரும்பி வர்றதுக்குள்ள நீ மதியத்துக்கு வந்து அவருகூட உக்கார ஒரு ஆளைத் தேடிப் பழக்கி வெச்சிருக்கணும். பக்கத்து ஊர் வாழவந்தியில கேளு, ஆள் கெடைப்பாங்க. அவரு கத்துவாரு, மொதல் வாரம் கத்தத்தான் செய்வாரு. அதையும் நீயே வாங்கிக்க. தேடறது உன் வேலை, என் வேலை இல்ல. நான் கண்டிப்பாத் திரும்பி வருவேன். அடிவாரத்துல இருந்தே வந்தவதான் நான். ஆனா அடுத்த தடவ அந்தப் பஸ்ல ஏறுனா வருவேனான்னு தெரியாமத்தான் இதை எழுதறேன்.

ஆட்டம் போடறதை நோட்டுல எழுதி லேப்டாப்புக்கு அடியில வெச்சிருக்கேன். ரெண்டாவது இடைவெளியை மறந்துராத. வேகத்தை மாத்தாத, இருநூத்தி நாப்பதுலயே இருக்கட்டும். உனக்கு ஆமையாட்டத் தெரியும், அவரு கைக்கு அதுதான் சரி. மூணாவது குடோன்ல ஆரம்பி. நாப்பத்தொண்ணு கேட்டாப் போட்டுக் குடு, ஆனா எந்திரிச்சுப் போகாத. மூட்டை மூலையில ஒட்டிக்கும். கொஞ்ச நேரம் தள்ளிப் பாப்பாரு. அப்புறம் உன் பக்கம் திரும்பி, "வழியில்ல"ம்பாரு. அப்ப எஸ்கேப்பை அழுத்து. அதுக்கு ஒரு சிரிப்புச் சிரிப்பாரு பாரு, அதை நீ பாக்கணும் சாமி. எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு அவரு மேல இருக்கற கோவமெல்லாம் அந்த ஒரு நிமிஷம் போயிரும்.

இந்தா, இப்பவும் நாலாவது குடோன்ல ஒரு மூட்டையை ஒட்ட வெச்சுட்டு என்னைப் பாக்கறாரு. எழுதறதை நிறுத்தி அழுத்திக் குடுத்துட்டு வந்து மீதியை எழுதறேன்.

அழுத்திட்டேன்.

இதைப் படிச்சதும் எனக்குப் போன் பண்ணாத, கண்ணு. நீ கேட்டா நான் மறுபடியும் "சமாளிச்சுக்குவோம்"னுதான் சொல்லுவேன், எனக்கு என்னைத் தெரியும். கேக்காம பஸ் ஏறி வா.

அம்மா